மறைந்து நின்று கண்டவர்

காளஹஸ்தி ஆலயத்தின் கருவறைக்குள் காற்று புகுவதற்கு வழியில்லை. ஆயினும் அங்கே எரியும் தீபங்களில் ஒன்று மட்டும் யாரோ ஊதிவிட்டாற்போல ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. அந்த அசைவைக் கண்டு காற்றையும், காற்றைக் கொண்டு வாயுவடிவாய் நிற்கும் இறைவனையும் அறிகிறோம் என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். கண்டதைக் கொண்டு காணாததை அறியும் இந்த வழிக்குத் தர்க்க சாஸ்திரிகள் அனுமானம் என்று பெயரிட்டார்கள். சைவ சித்தாந்திகள் அதனையே கருதல் என்று தமிழ்ப்படுத்தி, காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளுள் நடுவில் வைத்தார்கள். தெய்வத்தை அறிவதற்கு இந்த மூன்றும் எவ்வளவு தூரம் உதவும் என்பது பழைய விசாரம். நம்மோடு வாழ்கிற சக மனிதனை அறிவதற்கு இவற்றுள் எது உதவும், அப்படி அறிந்த அறிவு நாடாள்வோரின் சட்டத்திலும் தொழில் செய்வோரின் அன்றாட நடையிலும் எப்படிச் சென்று சேரும் என்பது அத்தனை பழையதன்று என்று நான் நினைத்திருந்தேன். காளஹஸ்திக்குச் சென்று வந்த பிறகு, இந்த ஊரின் இரண்டு கதைகளும் அதைப் பற்றியவையே என்று தோன்றுகிறது.

முதல் கதை ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ஸ்ரீ என்பது சிலந்தி, காளம் என்பது பாம்பு, ஹஸ்தி என்பது யானை. பாம்பு பாதாளத்திலிருந்து மணிகளைக் கொணர்ந்து லிங்கத்தின்மேல் சாத்திவிட்டுப் போகும். யானை ஆற்றில் முழுகித் துதிக்கையில் நீரும் வில்வமும் ஏந்தி வந்து, லிங்கத்தின்மேல் கிடக்கும் கற்களைக் குப்பையென்று தள்ளி, தன் முறைப்படி அபிஷேகம் செய்துவிட்டுப் போகும். பாம்பு மீண்டும் வந்து பார்த்தால் தன் மணிகள் இருந்த இடத்தில் தழை கிடக்கும். யானையின் பூஜையைப் பாம்பு கண்டதில்லை, பாம்பின் பூஜையை யானையும் கண்டதில்லை. ஒன்றின் பக்தி மற்றொன்றின் கண்ணுக்கு அசுத்தமாகவே எஞ்சியது. முடிவில் பாம்பு துதிக்கைக்குள் புகுந்தது, யானை வேதனை தாளாமல் தலையை மோதிக்கொண்டது, இரண்டும் மாண்டன. ஈசன் இரண்டுக்கும் முக்தி தந்தான் என்று புராணம் நம்மை ஆறுதல் படுத்துகிறது. அந்த ஆறுதல் நியாயமானதே. என்றாலும், ஒருமுறை எதிரெதிரே நின்று பார்த்திருந்தால் இரண்டும் உயிரோடு இருந்திருக்குமே என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

இரண்டாவது கதை கண்ணப்பருடையது. அதைத் தமிழ் உலகத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கதையைக் கேட்கும்போது நாம் வேடன் மேலேயே கண்ணை வைத்திருக்கிறோம். அருகில் நிற்கும் அர்ச்சகரைக் கவனிப்பதில்லை. சிவகோசரியார் தீயவர் அல்லர். ஆகமம் கற்றவர், நியமம் தவறாதவர், அன்றாடம் பொன்முகலியில் நீராடி வந்து பூசிப்பவர். ஒருநாள் காலை வந்து பார்க்கிறார்: சந்நிதி எங்கும் வெந்த இறைச்சியும் எலும்பும். யாரோ பாதகம் செய்துவிட்டார்கள் என்று பதறுகிறார், அலகிடுகிறார், மறுபடியும் நீராடிப் பிராயச்சித்தம் செய்து பூஜையை முடித்துப் போகிறார். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. எச்சத்தைக் கண்டு செய்தவனை ஊகித்தார். செய்தவனை ஊகித்து அவன் நெஞ்சையும் ஊகித்தார். அந்த நெஞ்சுக்குப் பாதகம் என்று பெயரும் இட்டார். ஓர் உத்தியோகஸ்தர் தம் கோப்பில் செய்யக்கூடிய யாவற்றையும் அவர் நேர்மையாகவே செய்தார்.

பிறகு ஈசன் அவர் கனவில் வந்து வேடனுடைய ஒவ்வொரு செயலுக்கும் உள்ளர்த்தத்தை எடுத்துச் சொன்னான். இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். சொன்னவன் ஆண்டவன், கேட்டவர் அடியார், ஆப்த வாக்கியத்துக்கு இதைவிட மேலான வாக்கியம் ஏது? ஆயினும் ஈசன் அதோடு நிறுத்தவில்லை. நாளைக்கு வந்து எனக்குப் பின்னால் மறைந்து நின்று நீயே பார் என்று கட்டளையிட்டான். கருதலால் பிழைத்தவரை உரையால் மட்டும் திருத்த முடியாது, காண்டலும் வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன இடம் நம் சாஸ்திரங்களில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் நாள் சிவகோசரியார் மறைந்து நின்றார். சமூக ஆராய்ச்சி என்று இன்று பல்கலைக்கழகங்களில் எதைச் சொல்கிறார்களோ, அதன் மூல விதி அன்று காளத்தி மலையிலே அவருக்கு இடப்பட்ட விதிதான்: தீர்ப்பைச் சற்று ஒத்திவைத்து, அவன் வரும்வரை காத்திருந்து, அவன் செய்வதை அவன் செய்கிறபடியே பார்ப்பது.

தரிசனம் முடிந்து சுவர்ணமுகி ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பொன்முகலி என்று தேவாரக் காலத்தார் அறிந்த ஆறு அதுவே, நான் கண்ட நாளில் நீரைவிட மணலே அதிகம். ஊருக்கு அப்பால் அறுவடை முடிந்த வயல் வரப்பில் யானாதிகள் என்று அந்தப் பக்கத்தில் சொல்லப்படும் பழங்குடியினரில் ஒரு கணவனும் மனைவியும் குந்தியிருந்தார்கள். அடியில் துளையிட்ட ஒரு மண்கலயத்துக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, அதன் வாயை எலி வளையின் வாயோடு பொருத்தி, அவன் துளை வழியே கன்னம் உப்ப ஊதினான். அவள் வரப்பின் மேலே நடந்து நடந்து எங்கெங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் மண்ணை அப்பி அடைத்தாள். சிறிது நேரத்தில் வளையைத் தோண்டி எலிகளை எடுத்தார்கள். அவற்றோடு எலிகள் சேர்த்து வைத்திருந்த நெற்கதிர்களும் ஒரு முறம் வந்தன. விவசாயிக்கு எலி ஒழிந்தது, அவர்களுக்கு உணவும் நெல்லும் ஆயிற்று. நான் நின்று பார்ப்பதைக் கண்ட ஒரு தேநீர்க் கடைக்காரர், நல்லெண்ணத்தோடுதான், "பையைப் பார்த்துக்குங்க சாமி, இவங்களை நம்ப முடியாது" என்றார். மலையில் புகை, ஆகையால் தீ உண்டு என்பது தர்க்கத்தில் முதல் பாடம். புகையைக் கண்டு தீயை ஊகிக்கலாம். தீ மூட்டியவனுடைய நெஞ்சை ஊகிக்கலாகாது என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

அந்தக் கடைக்காரருடைய வாக்குக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அரசனுக்கு ஒற்றும் நூலும் இரு கண்கள் என்று வள்ளுவர் வகுத்தார். இரண்டாக வகுத்ததன் கருத்து, ஒன்று பிழைத்தால் மற்றொன்று திருத்தட்டும் என்பதாகவே இருக்கவேண்டும். 1871-ல் ஆங்கில சர்க்கார் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம், இந்நாட்டில் தச்சன் மகன் தச்சனாவது போலத் திருடன் மகன் திருடனாகிறான், ஆகவே திருட்டையே ஜாதித் தொழிலாகக் கொண்ட கூட்டங்கள் உண்டு என்பது. 1911-ல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இதற்கிடையில் சென்னைப் போலீஸ் அதிகாரியான முல்லாலி 1892-ல் இம்மாகாணத்துக் குற்ற வகுப்புகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ரயில்வே போலீஸைச் சேர்ந்த பாபாராவ் நாயுடு 1905-ல் குறவர், எருகுலர் ஆகியோரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சென்னைப் பொருட்காட்சி சாலையின் தலைவர் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய பெருநூலில், குறவர்களைப் பற்றிச் சொல்ல வந்தபோது இத்தகைய போலீஸ் குறிப்புகளையே பெரிதும் எடுத்தாண்டார். ஒற்று நூலை எழுதியது. நூல் சட்டத்துக்குச் சான்றாயிற்று. சட்டம் ஒற்றனை மறுபடியும் அதே குடிசை வாசலுக்கு அனுப்பியது. இரண்டு கண்கள் இருந்தும் பார்வை ஒன்றாகவே போயிற்று.

அந்தப் பார்வைக்குத் தெரியாமல் போனது என்ன என்பதைப் பிற்காலத்தில் மீனா ராதாகிருஷ்ணா என்ற ஆராய்ச்சியாளர் 2001-ல் வெளிவந்த தம் நூலில் விரித்துச் சொன்னார். குறவர்கள் கழுதைகளிலும் மாடுகளிலும் கடற்கரை உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்தை ஏற்றித் திரும்புகிற வியாபாரிகளாய் இருந்தவர்கள்; சாலையில்லாத கிராமங்களுக்கு உப்பு அவர்களால்தான் சென்றது. சர்க்கார் உப்பைத் தன் வசமாக்கிக்கொண்டது. ரயில் வந்து பொதிமாட்டின் பிழைப்பைப் பறித்தது. மூங்கிலும் இலையும் எடுத்த காடு சட்டத்துக்குள் அடங்கியது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சம் மாடுகளையும் கொண்டுபோயிற்று. தொழில் போயிற்று, நடை மட்டும் மிஞ்சியது. தொழிலோடு நடந்தால் வர்த்தகன், தொழிலின்றி நடந்தால் திரியும் கள்வன். எந்த அரசாங்கத்தின் கொள்கை ஒரு ஜனத்தை வழியில் நிறுத்தியதோ, அதே அரசாங்கம் வழியில் நின்றவனைக் கண்டு நீ ஏன் நிற்கிறாய் என்று கேட்டது. காரணத்தைப் பார்க்காமல் காரியத்தை மட்டும் பார்க்கும் அறிவு, பொய்யான அறிவு என்றுகூடச் சொல்வதற்கில்லை. பாதியில் நின்ற அறிவு. பாதியில் நின்ற அறிவு அதிகாரத்தின் கையில் அகப்படும்போது முழுப் பொய்யைவிட அதிகத் தீங்கு செய்கிறது, ஏனெனில் அதற்குச் சான்று காட்ட முடிகிறது.

சட்டம் செய்ததை நம்மவர் ரேகைச் சட்டம் என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். பதிவேட்டில் பெயர், கைரேகை. இரவில் போலீஸ் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஹாஜர். ஊர்விட்டு ஊர் போவதற்கு ராதாரிச் சீட்டு. மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த கள்ளர் ஜனங்கள்மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாண்டவர் பதினாறு பேருக்குக் குறையாது, அவர்களுள் ஒருத்தி பெண். ஆந்திரப் பகுதியில் எருகுலர்களுக்காக சால்வேஷன் ஆர்மியின் மேற்பார்வையில் ஒரு குடியேற்றம் அமைத்து, மாகாண நிர்வாக சபை அங்கத்தினர் ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயரால் ஸ்டூவர்ட்புரம் என்று பெயரிட்டார்கள். அங்கே நிறுத்தப்பட்டவர்கள் சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்குக் கூலியாட்களாகவும் ஆனார்கள். இதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். சீர்திருத்த விரும்பியவர்களிலும் இரக்கமுள்ள நல்லவர்கள் இருந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, சிவகோசரியாரும் நல்லவர்தான்.

இந்தப் பழியை வெள்ளைக்காரர் தலையில் கட்டிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போய்விட நமக்கு யோக்கியதை இல்லை. பிறப்பைக் கொண்டு குணத்தை அறியலாம் என்ற சித்தாந்தத்தை அவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை; அது இங்கேயே விளைந்து கிடந்தது, அவர்கள் அதற்குச் சட்ட எண்ணும் பதிவேடும் தந்தார்கள். திண்ணன் என்ற வேடனைக் கண்ணப்ப தேவர் என்று கர்ப்பக்கிருகத்துக்கு அருகே வைத்துத் தொழுத ஜனங்கள், நக்கீரதேவரும் கல்லாடரும் அவர்மீது திருமறம் பாடியதைத் திருமுறையில் வைத்துப் போற்றிய ஜனங்கள், அதே காட்டில் அதே வேட்டையாடிப் பிழைக்கும் மனிதன் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்தினார்கள். கல்லில் இருக்கும் வேடன் பக்தன், கண்முன் நிற்பவன் சந்தேகத்துக்குரியவன் என்று ஒரு மதம் பாகுபாடு செய்துகொண்டால், அந்த மதம் தன் புராணத்தைத் தானே நம்பவில்லை என்றுதான் பொருள். ஓர் ஆன்மாவின் பக்குவம் பிறப்பாலும் வெளிநடையாலும் வெளிப்படுவதா என்ற கேள்விக்குப் பெரியபுராணம் இல்லை என்று விடை தந்து எண்ணூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் விடையைப் பாராயணம் செய்தோம், கேள்வியை மறந்தோம்.

மறந்த கேள்வியை நினைவூட்ட இந்தச் சீமையிலேயே இருவர் தோன்றினார்கள். ஒருவர் நெல்லூர் ஜில்லாவின் வெண்ணெலகண்டி ராகவையா. சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர், யானாதிகளிடையே பல காலம் உழைத்து, அவர்களைப் பற்றியே ஒரு நூலும் எழுதியவர். 1973-ல் பத்மபூஷண் விருது பெற்றார். முல்லாலியின் நூலுக்கும் ராகவையாவின் நூலுக்கும் உள்ள பேதம் செய்திகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒன்று காவல் நிலையத்துத் திண்ணையிலிருந்து குடிசையைப் பார்த்தது, மற்றொன்று குடிசைத் திண்ணையிலிருந்து காவல் நிலையத்தைப் பார்த்தது. மற்றவர் காளஹஸ்திக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள திருச்சானூரில் 1891-ல் பிறந்த அனந்தசயனம் ஐயங்கார். பின்னாளில் லோக்சபையின் சபாநாயகராய் விளங்கியவர். 1949-ல் இந்திய சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை விசாரிக்க ஒரு கமிட்டியை நியமித்து அவரை அதற்குத் தலைவராக்கியது. தாயார் சந்நிதி நிழலில் வளர்ந்த ஓர் ஆசாரசீலரான வைணவர், எந்த ஜனங்களைக் கண்டு ஊர் ஒதுங்கியதோ அவர்களைப் பற்றிய சாட்சியங்களைத் தேசமெங்கும் கேட்டறிந்து, இந்தச் சட்டம் ஒழிய வேண்டும் என்று எழுதியதை, சிவகோசரியார் மறைவிலிருந்து வெளிப்பட்ட தருணத்தோடு ஒப்பிட எனக்குக் கூச்சமில்லை. சென்னை மாகாணம் 1947-லேயே சட்டத்தை நீக்கியிருந்தது. 1952 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அது தேசமெங்கும் நீங்கியது. அச்சட்டத்திலிருந்து விடுபட்ட சீர்மரபினர் அந்த நாளை இன்றும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இங்கே இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை சொல்லியாகவேண்டும். திருட்டே நடக்கவில்லையா, குடியானவனுடைய மாடும் தானியமும் களவு போகவில்லையா, ஆராய்ச்சி முடியும் வரையில் சர்க்கார் கைகட்டி நிற்கவேண்டுமா என்பது ஒன்று. களவு நடந்தது உண்மை. களவு செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதும் உண்மை. தொட்டிலில் கிடக்கும் சிசுவின் பெயரைக் களவுப் பதிவேட்டில் எழுதுவது அந்தக் கடமையைச் சேர்ந்ததன்று. வழக்கமாய்க் குற்றம் செய்பவனைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டுமானால், அது ஜாதி பாராமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஐயங்கார் கமிட்டி வரம்பு கட்டியது இதைக் கருதியே.

மறைந்து நின்று பார்ப்பது ஒற்றனுடைய காரியம் அல்லவா, சிவகோசரியாருக்கும் முல்லாலிக்கும் பேதம் என்ன என்பது இரண்டாவது ஆட்சேபம்; இது முதலாவதைவிடக் கடினமானது. ஒற்றன் தன் அபிப்பிராயத்துக்குச் சான்று தேடிப் போகிறான், போனபடியே திரும்புகிறான். சிவகோசரியார் தம் அபிப்பிராயத்தைப் பணயமாக வைத்துப் போனார், திரும்பும்போது வேறு மனிதராய்த் திரும்பினார். பார்க்கப்படுகிறவனை மட்டும் மாற்ற விரும்புவது உளவு. பார்க்கிறவன் தானும் மாறச் சம்மதிப்பது ஆராய்ச்சி. ஆனாலும் திண்ணனிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்ற குறை நிற்கத்தான் நிற்கிறது. ஈசன் சாட்சியாய் நின்ற இடத்தில் அது பொறுக்கப்படலாம். நம்மைப் போன்றவர்கள் மறைவை விட்டு வெளியே வந்து, அருகில் உட்கார்ந்து, கேட்டுத்தான் பார்க்கவேண்டும். பார்க்கப் போகிறவனுக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. காளஹஸ்தீசுவரன்மீது தெலுங்கில் சதகம் பாடிய தூர்ஜடி அரசர்களை அண்டிப் பிழைப்பதை அவ்வளவு கடுமையாய் இகழ்ந்தது கவிஞனுடைய கோபம் மட்டும் அன்று. அரண்மனையில் உண்பவன் நாவுக்கு அரண்மனையின் ருசியே படிந்துவிடும் என்ற அனுபவமும் அதில் இருக்கிறது.

சட்டம் போயிற்று, அதன் பழக்கம் போயிற்றா? ஸ்டேஷன் சுவரில் சந்தேகத்துக்குரியவர் பட்டியல் எழுதுகிற கை, ஒரு களவு நடந்தவுடன் முதலில் எந்தக் குடிசைப் பக்கம் நடப்பது என்று நிச்சயிக்கிற கால், இவை பார்லிமெண்டில் ஓட்டெடுத்து மாற்றக்கூடியவை அல்ல. சீர்மரபினரைப் பற்றி ஆராய்ந்த ரெங்கே கமிஷன் 2008-ல் அறிக்கை தந்தது. பின்னர் வந்த இதாதே கமிஷனும் தந்தது. 2019-ல் ஒரு நல வாரியமும் அமைந்தது. ஆனால் 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரையில், சிறைச்சாலைக் கையேடுகளில் வேலைகள் ஜாதிப்படி பங்கிடப்பட்டும், சீர்மரபினர் பழங்குற்றவாளிகள் என்ற பழைய வாசனை வீசியும் கிடந்தன. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் அந்தக் கையேடுகளைப் பக்கம் பக்கமாய்ப் படித்து எழுதியதும் வழக்குத் தொடுத்ததுமே அத்தீர்ப்புக்கு மூலம். கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய காளஹஸ்தியின் ராஜகோபுரத்தில் விரிசல் கண்டிருந்தது பலருக்கும் தெரியும். 2010 மே 26-ஆம் தேதி அது இடிந்து விழுந்தது. தெரிவது வேறு, தெரிந்தது கையில் இறங்குவது வேறு.

கையில் இறங்குவது எப்படி என்பதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. முன்பு சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரோடு விளங்கும் ரிஷி பள்ளத்தாக்குக் கல்விச்சாலையைச் சார்ந்து, பத்மநாப ராவும் ராமாவும் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒருவன் அறுவடைக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருவான், ஒருத்தி தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள். பிள்ளை ஏன் பாடத்துக்கு ஏற்றபடி இல்லை என்று கேட்பதை விட்டு, பாடம் ஏன் பிள்ளைக்கு ஏற்றபடி இல்லை என்று கேட்டு, பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து ஓர் ஏணியின் படிகளாக அடுக்கினார்கள். விட்ட படியிலிருந்தே அவரவர் ஏறலாம். அந்த முறை கர்நாடகத்தில் நலி கலி என்ற திட்டமாயிற்று. 2003-ல் சென்னை மாநகராட்சியின் பதின்மூன்று பள்ளிகளில் புகுந்து, 2007-ல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாடெங்கும் பரவியது. வாத்தியார் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் குழந்தையோடு உட்கார்ந்தார். இதைவிடப் பெரிய நிர்வாகச் சீர்திருத்தம் எது? ஆனால் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஆணையாய்ப் போனபோது, சில இடங்களில் அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தது, அட்டையைச் செய்யவைத்த கவனிப்பு போய்ச் சேரவில்லை. ஏணி மறுபடியும் ஓர் ஆகமமாயிற்று. கண்டவன் எழுதிய விதியை, காணாதவன் கைக்கொண்டால் அது விரைவில் வெறும் விதியாகிவிடும். ஆகையால் ஒவ்வொரு தலைமுறை ஆசிரியரும் அதிகாரியும் ஒருநாளாவது மறைந்து நின்று காணத்தான் வேண்டும்.

கடைசியாகத் திண்ணனிடம் திரும்புகிறேன். காளத்தி ஈசனாகிய குடுமித்தேவரின் கண்ணில் குருதி வழிவதைக் கண்டவுடன் அவர் உடனே தம் கண்ணைத் தோண்டிவிடவில்லை. முதலில் வில்லை எடுத்துக்கொண்டு, இதைச் செய்த பகைவன் யார் என்று மலைச்சாரலெங்கும் தேடினார், எவனும் அகப்படவில்லை. பிறகு வேடர்களுக்குத் தெரிந்த பச்சிலைகளைக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. அதன் பிறகே, ஊனுக்கு மருந்து ஊன் என்ற தம் குலத்து வைத்தியம் நினைவுக்கு வந்தது. ஜனங்களின் துன்பத்தைக் காணும் அரசாங்கங்களுக்கும் இந்த மூன்று படிகளே இருக்கின்றன. குற்றவாளியைத் தேடுவது முதல் படி. 1871 முதல் எண்பது ஆண்டுகள் நாம் அந்தப் படியிலேயே வில்லும் கையுமாய் நின்றுவிட்டோம். மருந்து தேடுவது இரண்டாம் படி. கமிஷனும் வாரியமும் திட்டமும் அந்தப் பச்சிலைகள், அவை வேண்டாதவை அல்ல. தன்னுடையதில் ஒரு பங்கைப் பெயர்த்துத் தருவது மூன்றாம் படி. தன் நிலம், தன் பள்ளியில் ஓர் இடம், தன் வீட்டு வாசல், தன் பார்வை. ஆராய்ச்சி நம்மை இரண்டாம் படி வரையில் கொண்டுவந்து விடும். அதற்குமேல் ஏறுவதற்கு வேறொன்று வேண்டும். அதற்குச் சைவர் அன்பு என்று பெயரிட்டார்கள்.

சிவகோசரியார் மறுநாள் என்ன செய்தார் என்று புராணம் சொல்லவில்லை. ஆனால் கோயில் சொல்கிறது. இன்றும் காளஹஸ்தியில் ஆகமப்படிதான் பூஜை; இறைச்சி அங்கே நிவேதனம் ஆவதில்லை, சிவகோசரியாரின் நியமம் அழிந்துவிடவில்லை. எனினும் மகா சிவராத்திரியை ஒட்டிப் பிரம்மோத்சவம் தொடங்கும்போது, கொடி முதன்முதலாக ஏறுவது சுவாமி சந்நிதியில் அன்று. அர்ச்சகர்கள் மலைமேல் ஏறிப்போய்க் கண்ணப்பர் சந்நிதியில் முதற்கொடியை ஏற்றிவிட்டு வந்த பிறகே, கீழே ஈசனுடைய கொடி ஏறுகிறது. ஒருநாள் கண்டதன் பயனாகத் தம் தொழிலின் வரிசையையே ஒரு பரம்பரை மாற்றிக்கொண்டு, வருஷந்தோறும் கால் நோக அந்தப் படிகளை ஏறி வருகிறது. அந்த மலையிலிருந்து பார்த்தால் சுவர்ணமுகியின் மணலும், அதற்கப்பால் வயல்களும், எங்கோ ஒரு வரப்பில் கலயத்திலிருந்து எழும் புகையும் தெரியும்.